ஒரு அடி தாங்காதவன் கோழை இல்லை

“வேகமா வந்து ஒரு அடி அடிச்சிட்டுச் செத்துப்போறதுக்கு எதுக்கு மச்சான் அணியில ஒரு இடம்?”

போக்கிமொன் சண்டை விளையாடுற பெடியள், பெட்டையள் எல்லாரும் ஒருதடவையாவது இந்தக் கேள்வியை வாங்கியிருப்பினம். கேட்கிறவர் பெரும்பாலும் எங்களைவிட நாலு மாதம் கூடுதலா விளையாடினவர். அவற்ற அணியில கட்டாயம் ஒரு சான்சி இருக்கும். புதுசா வந்த ஒரு ஆள் ஆசைப்பட்டு அலகசாமை வைச்சிருந்தால், “உது சின்னப்பிள்ளை விளையாட்டு, முதல்ல தாங்குற ஒண்டைப் போடு” எண்டு புத்தி சொல்லுவார். புது ஆளும் கழட்டிப்போடும். பிறகு ரெண்டு கிழமையில விளையாட்டையே விட்டிடும். ஏனெண்டால் அந்த ஆளுக்குப் பிடிச்சது அலகசாம்தான், சான்சி இல்லை.

இந்தப் புத்திமதி பிழை எண்டு சொல்லத்தான் எழுதுறன். ரசனை வேறுபாடு எண்டு விட்டிட்டுப் போகலாம்தான். ஆனால் இதுக்குள்ள ஒரு பொய் ஒளிஞ்சிருக்கு: மெதுவாக விளையாடுறவன் யோசிக்கிறான், வேகமாக அடிக்கிறவன் யோசிக்கிறேல்லை எண்ட பொய். கணக்கை எடுத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்ப்பம். இந்த விளையாட்டில “வேகம்” எண்டுறது உங்கட பெருவிரலின்ர வேகம் இல்லை. துப்பாக்கி விளையாட்டுகள்போல கை முந்தினவன் வெல்லுற சமாச்சாரம் இஞ்ச கிடையாது. ரெண்டு பேரும் தங்கட முடிவை ஆறுதலா யோசிச்சு அழுத்துறம். பிறகு எந்த உருவத்துக்கு ஸ்பீட் எண்ணிக்கை கூடவோ அது முதல்ல செய்யும். அவ்வளவுதான். அதனாலதான் டேட்டா இழுபடுற ஊரிலயும் ஒரு மலிவு போனில, பிரவுசருக்குள்ள, போக்கிமொன் ஷோடவுனில சமமா விளையாட முடியுது. நேரக்கட்டுப்பாடு இருக்கு, உண்மை. ஆனால் அரை வினாடி பிந்தினதால ஆரும் தோக்கிறேல்லை. ஆகவே “சும்மா பட்டனை அமத்துறான்” எண்டு வேகக்காரனைப் பேசுறவர் விளையாட்டையே விளங்கிக்கொள்ளேல்லை.

இப்ப அலகசாமின்ர உடம்பைப் பாருங்கோ. அடிப்படை எண்கள்: எச்.பி. 55, உடலடிக்கு எதிரான பாதுகாப்பு 45, சிறப்புத் தாக்குதல் 135, வேகம் 120. இதுதான் பேரம். மூளையும் காலும் தந்திருக்கு, எலும்பு தரேல்லை. ஒரு நல்ல உடலடி பட்டால் கதை முடிஞ்சுது.

“அப்ப கொஞ்ச எச்.பி. ஏத்து” எண்டுதான் முதல் ஆலோசனை வரும். ஒரு உருவத்துக்கு மொத்தம் 510 ஈவி புள்ளி, ஒரு இடத்தில பிரயோசனமாப் போடக்கூடியது 252. நூறாம் மட்டத்தில, வேகத்தைக் கூட்டுற சுபாவத்தோட வேகத்தில 252ஐயும் போட்டால் அலகசாமின்ர வேகம் 372. அந்த 252ஐ எடுத்து எச்.பி.யில போட்டால் 251 ஆக இருந்த எச்.பி. 314 ஆகும். நல்லாத்தானே கிடக்கு? ஆனால் வேகம் 303க்கு விழும். இப்ப முழு வேகத்தில நிக்கிற கார்சோம்ப் 333, அது உங்களை முந்தும். 350இல நிக்கிற கெங்கார் முந்தும், லாட்டியோஸ் முந்தும். 63 எச்.பி. வாங்க 69 வேகத்தைக் குடுத்திருக்கிறியள். வாங்கின 63ஐ வைச்சு என்ன செய்யலாம்? பாதுகாப்பு இன்னும் அதே 45தான். முந்தி ஒரே அடியில செத்தது, இப்பவும் பெரும்பாலும் ஒரே அடியிலதான் சாகும். வித்தியாசம் என்னெண்டால், முந்தி அடிச்சிட்டுச் செத்தது, இப்ப அடிக்காமலே சாகுது.

பாதுகாப்பான ஆலோசனை எண்டு சொல்லப்படுறதுகளில பாதி இந்த வகைதான். பயத்தைக் குறைக்கும், பிரயோசனத்தையும் சேர்த்துக் குறைக்கும். ரெண்டுங்கெட்டான் அலகசாமை வைச்சு நாலு ஆட்டம் தோத்திட்டு, “பாத்தியோ, அலகசாம் சரிவராது” எண்டு முடிவெடுப்பினம்.

சரி, யோசிக்கிறது ஆர் எண்ட கேள்விக்கு வருவம். பிளாக், வைற் காலத்து ஆட்டம் ஒண்டை எடுங்கோ. ஷோடவுனில பழைய தலைமுறைகளையும் விளையாடலாம் எண்டபடியால் இது செத்த உதாரணம் இல்லை. களத்தில உங்கட அலகசாம், கையில லைஃப் ஓர்ப். எதிராளியின்ர பக்கம் அடி வாங்கிச் சாகக்கிடக்கிற ஏதோ ஒண்டு. அவற்ற அணியில பின்னால ஒரு டைரனிட்டார் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஆசைக்கு சைக்கிக்கை அமத்துறியள். அவர் டைரனிட்டாரை உள்ளுக்கு விடுறார். அது இருள் வகை, சைக்கிக் அதில படவே படாது. இப்ப நீங்கள் பொறிக்குள்ள. வெளியில ஓடினால் பர்சூட் இருக்கு. மாறிப்போற ஆளைப் போகமுதலே பிடிச்சு, 40ஆக இருக்கிற பலத்தை 80 ஆக்கி அடிக்கும். நிண்டால் கிரஞ்ச் இருக்கு. ஓடினாலும் சாவு, நிண்டாலும் சாவு. மிச்சமிருக்கிறது ஃபோகஸ் பிளாஸ்ட். பட்டால் டைரனிட்டாருக்கு நாலு மடங்கு. ஆனால் நூறில எழுபதுதான் படும்.

பார்க்கிறவர் இந்த இடத்தில, “எழுபது வீதத்தை நம்பி விளையாடுறியே, சூதாட்டம்” எண்டு சொல்லுவார். இல்லை. சூதாட்டம் ஆகினது பிறகு. பிழை நடந்தது ஒரு முறை முந்தி, டைரனிட்டார் பின்னால நிக்குதெண்டு தெரிஞ்சும் சைக்கிக்கை அமத்தினபோது. அந்த முறையிலேயே, அவர் மாத்தப்போறார் எண்டு ஊகிச்சு ஃபோகஸ் பிளாஸ்டை விட்டிருந்தால், டைரனிட்டார் வாற வழியிலேயே வாங்கியிருக்கும். தவறினாலும் அதுக்குப் பிறகு இன்னொரு தடவை எறியலாம். ஆனால் அதிலயும் ஒரு ஆபத்து. அவர் உங்கட மனதை வாசிச்சு டைரனிட்டாருக்குப் பதில் கெங்காரை விட்டால்? சண்டை வகை அடி ஆவி வகையில படாது. அடி காத்தில போகும், கெங்கார் ஒரு கீறல் இல்லாமல் நிக்கும்.

ஒரு அலகசாமை உயிரோட வைச்சிருக்க ஒவ்வொரு முறையும் இந்த அளவு யோசிக்கவேணும். எதிராளியின்ர ஆறு உருவமும் நினைவில நிக்கவேணும். எது வேகம் கூட, எதில சொய்ஸ் ஸ்கார்ஃப் இருக்கலாம் எண்டு கணக்குப் பார்க்கவேணும். லாண்டரஸ் தெரியன் உருவம் சாதாரணமா 309தான் ஓடும், ஸ்கார்ஃப் போட்டால் 463. 372க்குப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த உங்கட அலகசாம் அந்த முறையே வீட்டுக்குப் போகும். ஸ்கார்ஃப் இருக்கெண்டு அவர் சொல்லமாட்டார். முந்தின முறைகளில அது ஆரை முந்தினது, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்குதோ எண்டு கவனிச்சு நீங்களாத்தான் கண்டுபிடிக்கவேணும்.

இப்ப சான்சியின்ர பக்கம். ஈவியோலைட் பிடிச்ச சான்சிக்கு முழுசா ஏத்தினால் எச்.பி. 704. ஊகம் பிழைச்சு ஒரு அடி வாங்கினால் என்ன? சொஃப்ட் போயில்ட் அமத்து, பாதி எச்.பி. திரும்பி வரும். பிழைக்கு மன்னிப்பு உண்டு, திரும்பத் திரும்ப உண்டு. தடுத்தாடுறதுக்கும் மூளை வேணும், அதை மறுக்கேல்லை. ஐம்பது முறைக்கு ஒரு திட்டத்தை இழுத்துக்கொண்டு போறது லேசில்லை. ஆனால் மன்னிப்புக் கிடைக்கிற ஆட்டத்தை விளையாடுறவர், ஒரு பிழைக்கு ஒரு உயிர் குடுக்கிற ஆட்டத்தை விளையாடுறவரைப் பார்த்து “யோசிக்கத் தெரியாது” எண்டு சொல்லுறது கொஞ்சம் ஓவர்.

(அந்த சான்சிக்கு எதிராகவும் அலகசாமிட்ட சைஷொக் இருக்கு. தாக்குறது சிறப்புத் தாக்குதலால, கணக்குப் பார்க்கிறது எதிராளியின்ர உடல் பாதுகாப்பை. சான்சியின்ர அடிப்படைப் பாதுகாப்பு 5. ஐந்துதான், எழுத்துப்பிழை இல்லை.)

இன்னொரு குற்றச்சாட்டு: வேகக்காரன் தனக்காக விளையாடுறவன், அணிக்கு ஒண்டும் குடுக்காதவன். இதுதான் எனக்குக் கூடக் கோபம் வாறது. கிளித்தட்டு விளையாடினவைக்கு இது விளங்கும். நல்லா ஓடுறவன் தனிய ஓடித் தட்டைத் தாண்டுறேல்லை. இன்னொருத்தன் ஒரு பக்கத்தில நிண்டு மறிக்கிறவனுக்குப் பாச்சல் காட்டவேணும், அவன் அந்தப் பக்கம் திரும்பவேணும், அந்த இடைவெளியிலதான் ஓடுறவன் உள்ளுக்குப் போறான். அலகசாமும் அப்படித்தான். ஒரு அடி தாங்காத ஆளை நேராக அடிக்கு முன்னால கொண்டுபோய் விட ஏலாது. ஒண்டில் உங்கட ஆள் ஒண்டு விழுந்த பிறகு சும்மா கிடைக்கிற நுழைவு. அல்லது மெதுவான, தாங்கக்கூடிய ஒரு ஆள் எதிராளியின்ர அடியைத் தான் வாங்கிக்கொண்டு, கடைசியா யூ-டேர்னோ வோல்ட் ஸ்விட்சோ போட்டு, அலகசாமைப் பத்திரமா உள்ளுக்கு இறக்கவேணும். சுவோர்ட், ஷீல்டில இருந்து ரெலிபோட்டும் இதே வேலையைச் செய்யுது. வேணுமெண்டே கடைசியா நடக்கிற மாதிரி அதை வைச்சிருக்கினம். இஞ்ச மெதுவா இருக்கிறதுதான் பலம்.

அதாவது வேகக்காரனுக்கு மெதுவானவன் வேணும். அந்த சான்சி அண்ணை நினைக்கிறமாதிரி இது ரெண்டு கட்சி இல்லை. உலகப் போட்டியிலயே பார்த்த கதைதான். 2014இல வோஷிங்டனில செஜுன் பார்க் உலகக் கிண்ணம் எடுத்தபோது எல்லாரும் கதைச்சது அவற்ற பச்சிரிசுவைப் பற்றி, அந்தச் சின்ன மின்சார அணிலைப் பற்றி. அது பெரிசா அடிக்கிற சாமான் இல்லை. ஃபோலோ மீ போட்டு எதிராளிகளின்ர அடியைத் தன்பக்கம் இழுக்கும், பக்கத்தில நிக்கிறவர் தன்ர வேலையைப் பார்ப்பார். அதே அணியில டலன்ஃப்ளேமும் இருந்தது, வேகத்தில வாழுற, அடிக்கு வாழாத சாதி. அணிலை எல்லாரும் கொண்டாடினம். அது ஆருக்கு இடம் செய்து குடுத்ததெண்டு கதைக்க ஆளில்லை.

இனி வரலாறு கொஞ்சம். ஏனெண்டால் “வேகத்துக்கு எப்பவும் சலுகை” எண்டு ஒரு முறைப்பாடும் இருக்கு. ஒரு காலத்தில உண்மை. 1996இல ஜப்பானில வந்த முதல் ஆட்டங்களில கிரிட்டிக்கல் அடி விழுற வாய்ப்பு அடிப்படை வேகத்திலதான் தங்கியிருந்தது. சாதாரண அடிக்கு, வேகத்தை 512ஆல பிரிச்சால் வாற அளவு. அலகசாமுக்கு 120, கிட்டத்தட்ட 23 வீதம். வேகம் 30 உள்ள ஸ்லோப்ரோவுக்கு 6 வீதம்கூட இல்லை. முந்தி அடிக்கிறதும் அவன், பலமா அடிபடுறதும் அவனிட்ட. அதோட சிறப்புத் தாக்குதலும் சிறப்புப் பாதுகாப்பும் அப்ப ஒரே எண், அதால அலகசாம் சிறப்பு அடிகளுக்கு நல்லாத் தாங்கினது. அநியாயம்தான்.

ஆனால் அதுக்குப் பிறகு என்ன நடந்தது? 1999இல கோல்ட், சில்வர் வந்தபோது கிரிட்டிக்கலை எல்லாருக்கும் பொதுவாக்கினம், ஏறக்குறைய பதினாறில ஒண்டு. சிறப்பு எண்ணையும் ரெண்டாப் பிரிச்சினம். 2006இல டயமண்ட், பேர்ள் வந்தபோது ஸ்டெல்த் ரொக் வந்தது. உள்ளுக்கு வாற நேரமே கல் குத்தும், சாதாரணமா எட்டில ஒரு பங்கு எச்.பி. போகும், வகை பலவீனமெண்டால் காற்பங்கு, அரைப்பங்கு. அதே தலைமுறையில புல்லட் பஞ்ச், ஐஸ் ஷார்ட், அக்வா ஜெட், சக்கர் பஞ்ச் எண்டு வேக எண்ணைக் கணக்கிலயே எடுக்காமல் முந்தி அடிக்கிற அடிகள் குவிஞ்சுது. ஸ்கார்ஃப் ரைமண்ட், பேர்ளோட வந்ததுதான். ரிக் ரூமும் அப்பதான், ஐந்து முறைக்கு மெதுவானவன் முதல்ல. வேகக்காரனுக்குக் கிடைச்ச நல்லது எண்டால், அடி உடலடியா சிறப்படியா எண்டதை வகையை வைச்சு இல்லாமல் ஒவ்வொரு அடியாப் பார்த்துத் தீர்மானிச்சது. பாவம் ஸ்னீசல், அதுவரை தன்ர சொந்த இருள், பனி வகை அடிகளை 35 சிறப்புத் தாக்குதலை வைச்சு அடிச்சுக்கொண்டிருந்தது, 95 உடல் தாக்குதல் சும்மா கிடக்க. அது வீவைலாகி மனுசரானது அந்தத் தலைமுறையிலதான். வீவைலுக்கும் கல் குத்தினால் காற்பங்கு போகும்.

டலன்ஃப்ளேமின்ர கதையும் அதுதான். எக்ஸ், வையில கேல் விங்ஸால பறக்கும் வகை அடியெல்லாம் முந்தி அடிச்சது. சன், மூனில எச்.பி. முழுசா இருந்தால் மட்டும்தான் எண்டு மாத்தினம். நெருப்பும் பறவையும் சேர்ந்த அதுக்குக் கல் குத்தினால் பாதி எச்.பி. காலி. களத்தில கல் கிடந்தால் அந்தத் திறமை இல்லாத மாதிரித்தான். சலுகை, சலுகை எண்டு சொல்லுறவை இதையும் எண்ணவேணும்.

வேகத்தின்ர மேல கோபம் இருக்கிறவைக்கு ஒரு நியாயமான எதிரி இருக்கு. அது ஃப்ளட்டர் மேன். எச்.பி. 55, உடல் தாக்குதல் 55, உடல் பாதுகாப்பு 55. சிறப்புத் தாக்குதல் 135, சிறப்புப் பாதுகாப்பு 135, வேகம் 135. பார்க்க மெலிஞ்ச ஆள் மாதிரி வேஷம். ஆனால் சிறப்பு அடிகளுக்கு அது மெலிஞ்ச ஆளே இல்லை. ஆவியும் தேவதையும் சேர்ந்த வகை வேற, போதாக்குறைக்கு பூஸ்டர் எனர்ஜி குடுத்தால் இன்னும் ஏறும். வேகத்துக்கும் பலத்துக்கும் விலையா உடம்பைக் குடுக்கவேணும் எண்டதுதான் இந்த விளையாட்டின்ர பழைய ஒப்பந்தம். ஃப்ளட்டர் மேன் பாதி விலையைத்தான் குடுத்தது. ஸ்மோகன் ஆக்கள் அதைப் பொதுத் தட்டில இருந்து தூக்கினது சரி. பகிடி என்னெண்டால், ஃப்ளட்டர் மேனைப் பெத்த ஸ்கார்லட், வயலட்டில அலகசாமுக்கு இடமே குடுக்கேல்லை. விலையை முழுசாக் குடுத்தவன் வெளியில, பாதி குடுத்தவன் மேடையில. பிறகு ஃப்ளட்டர் மேனிட்ட அடி வாங்கினவை வந்து எங்கட அலகசாமில கோபத்தைக் காட்டுகினம்.

விலை குடுத்தால் எல்லாம் சரி எண்டும் நான் சொல்லேல்லை. டியொக்சிஸின்ர தாக்குதல் உருவத்துக்கு ரெண்டு தாக்குதலும் 180, வேகம் 150, ரெண்டு பாதுகாப்பும் 20. காத்தடிச்சால் சாகும். ஆனாலும் அது தடையில இருக்கிறது சரி, ஏனெண்டால் அதின்ர அடியை வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்க நிண்டுபிடிக்கிறவை மிகக் குறைவு. ரெஜியெலெக்கி வேற மாதிரி. வேகம் 200, ஆனால் கையில மின்சாரம் மட்டும்தான் உருப்படியா இருக்கு. தரை வகை ஒண்டு எதிரில வந்தால் கையைப் பிசைஞ்சுகொண்டு நிக்கவேணும். விலையை எந்த இடத்தில குடுத்திருக்கு எண்டு பார்க்கவேணும். வேக எண்ணை மட்டும் பார்த்துத் திட்டுறது சோம்பேறித்தனம்.

கடைசியா எங்கட பக்கத்து ஆக்களுக்கும் ரெண்டு வார்த்தை, ஏனெண்டால் வேகக்காரரின்ர பேரைக் கெடுக்கிறது எதிராளி மட்டும் இல்லை. முதல் முறையிலேயே, எதிராளியின்ர அணியில என்ன இருக்கெண்டு ஒண்டும் பார்க்காமல் அலகசாமை முன்னுக்கு விடாதீங்கோ. அது கடைசியில, முந்தி அடிக்கக்கூடியதுகள் எல்லாம் களைச்சோ செத்தோ போன பிறகு, மிச்சத்தை வழிச்செடுக்க வேண்டிய ஆள். சக்கர் பஞ்ச் வைச்சிருக்கிற ஒண்டுக்கு முன்னால கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீங்கோ. நீங்கள் அடிக்காத முறையில அது பலிக்காது, ஒரு சப்ஸ்டிரியூட் போட்டுப் பாருங்கோ, அவற்ற முகம் மாறும்.

அதோட இந்த ஃபோகஸ் சாஷ் பைத்தியம். எச்.பி. முழுசா இருக்கேக்க வாற சாவடியை 1 எச்.பி.யோட தாங்க வைக்கும், நல்ல சாமான்தான். ஆனால் களத்தில ஸ்டெல்த் ரொக் கிடந்தால், மணல்புயல் அடிச்சால், அது வெறும் துணித்துண்டு. உள்ளுக்கு வந்த உடனேயே எச்.பி. குறைஞ்சிட்டுது, இனி அது வேலை செய்யாது. கெங்காரிட்ட சாஷைக் குடுத்திட்டுக் கல்லைத் துடைக்க ஒரு ஆளையும் அணியில வைக்காமல் வாறவை எத்தனை பேர்! அலகசாமுக்கு இதில ஒரு வழி இருக்கு. பிளாக், வைற்றில இருந்து அதுக்கு மறைதிறமையா மஜிக் கார்ட் வந்தது. நேரடி அடியைத் தவிர வேற எதுவும் அதின்ர எச்.பி.யைத் தொடாது. கல் குத்தாது, புயல் தொடாது, லைஃப் ஓர்ப் போட்டாலும் எச்.பி. குறையாது. சாஷ் முழுசா நிக்கும். இது தெரியாமல் பழைய சின்க்ரொனைஸோட அலகசாமைக் கொண்டு திரியிறவையை இப்பவும் காணுறன். உங்கட அணியைத் திறந்து ஒருக்காப் பாருங்கோ, எது கிடக்கெண்டு.